அண்ணை கேட்ட கன்று

புற்றுநோய்க்குக் கொடுத்த மருந்து என் மனைவியின் உயிரைக் காப்பாற்றியது. ஆனால் இரண்டு பாதங்களிலும் ஊசி குத்துவது போன்ற வலியை விட்டுப் போனது. முதியோர் இல்ல வேலையை விட்டாள். வெள்ளிக்கிழமைகளில் கோயில் குசினியில் கதிரை போட்டு இருந்து சமையலுக்கு மரக்கறி வெட்டுவதை மட்டும் விடவில்லை. அந்த மூன்று மணித்தியாலமும் அவள் நோயாளி இல்லை.

கஞ்சாவில் போதை ஏறாத ஓர் இனம் உண்டு. சுவிசில் அதைச் சட்டப்படி வளர்க்கலாம். தோட்டக்கடையிலேயே நாற்று விற்கிறார்கள். ஓல்டனில் நான் வேலை செய்யும் சாமான் கிடங்கில் ஒருவன் சொல்லித்தான் இரண்டு நாற்று வாங்கினேன். பெட்டி தூக்கிப் பழகிய கை. சாடி மாற்றும்போது முதல் நாற்றைத் தண்டில் பிடித்து நசுக்கிவிட்டேன். மறுநாள் அது சரிந்து கிடந்தது. மற்றதை இலையில் பிடித்து, வேரோடு ஒட்டிய மண் உதிராமல் இறக்கினேன். பிழைத்தது. பிறகு அதிலேயே கணுவுக்குக் கீழே சரிவாகக் கொப்பு வெட்டி, ஈர மண்ணில் நட்டு, பாதியாக வெட்டிய தண்ணீர்ப் போத்தலால் மூடி வைத்தேன். இரண்டு கிழமையில் வெள்ளை வேர் எட்டிப் பார்த்தது. அந்தச் செடியின் இலையில் போட்ட தேநீரைக் குடித்தால் விடியும்வரை படுக்க முடிகிறது என்றாள் மனைவி. எனக்கு அது போதும்.

திருவிழா நோட்டீஸ் கொடுக்க வந்தார், கோயில் குசினிக்குப் பொறுப்பான அண்ணை. பல்கனிக்குப் போனவர் செடியைக் கண்டுவிட்டார். கடைக்காரன் தந்த அட்டையைக் காட்டி எல்லாம் விளக்கினேன். "ஓம் ஓம், விளங்குது தம்பி" என்றார்.

அடுத்த வெள்ளி குசினியில் எல்லோருக்கும் முன்னால், "கஞ்சா வளர்க்கிற வீடு. அந்தக் கையால வெட்டினதைச் சாமிக்குப் படைக்கலாமோ?" என்று கேட்டிருக்கிறார். பிறந்தநாள் விழா ஒன்று விடாமல் விஸ்கிப் போத்தலோடு நிற்கிற மனிதர்! யாரோ ஒருத்தி, "அக்கா, நீங்கள் ஆறுதலா இருங்கோ" என்று சொல்லி என் மனைவியின் கையிலிருந்த கத்தியை வாங்கினாளாம். அதோடு என் மனைவி குசினிப் பக்கம் போகவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் வீட்டுக் கதவை உடைத்திருப்பேன்.

"நீங்கள் ஒண்டும் கதைக்கப்படாது. கொஞ்ச நாளில எல்லாம் ஆறும். நானே திரும்பப் போவன்" என்று தடுத்துவிட்டாள்.

இரண்டு மாதம் கழித்து அதே அண்ணை நொண்டி நொண்டிப் படியேறி வந்தார்.

"தம்பி, முழங்கால் நோவில உயிர் போகுது. ஒரு கொப்பு தாருமன். ஒருதருக்கும் சொல்லாதையும்."

எனக்குக் காதெல்லாம் சுட்டது. "குசினியில எல்லாருக்கும் முன்னால பிழையாக் கதைச்சிட்டன் எண்டு சொல்லுங்கோ அண்ணை. தாறன்."

அவர் பதில் சொல்லுமுன், சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்த மனைவி, "நோவெண்டால் என்னெண்டு எனக்குத் தெரியும். வேர் விட்டாப் பிறகு இவர் உங்கட வீட்டுக்குக் கொண்டுவந்து தருவார்" என்றாள்.

வெட்டினேன், நட்டேன், தண்ணீர் தெளித்தேன், வேர் விட்ட கன்றைச் சிறிய சாடிக்கு மாற்றினேன். அந்த மனிதருக்காக என் கை இவ்வளவு பக்குவமாக வேலை செய்தது எனக்கே எரிச்சலாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை வேலைக்குப் போகும்போதே சாடியைப் பையில் வைத்து எடுத்துப்போனேன். வேலை முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போகவில்லை, கோயிலுக்குப் போனேன். பந்தியில் வாளியோடு சாம்பார் பரிமாறிக்கொண்டிருந்தார். சாடியை நீட்டினேன்.

"அண்ணை, நீங்கள் கேட்ட கஞ்சாக் கண்டு."

பந்தியில் யாரோ சிரித்தார்கள். அவர் வாளியை வைத்துவிட்டு, காலை இழுத்து இழுத்து வெளியே போனார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

நான் வீட்டுக்கு வருமுன்பே கோயிலில் நடந்த செய்தி தொலைபேசியில் வந்துவிட்டிருந்தது. மனைவி கட்டிலில் இருந்தாள்.

"காலமை நீங்கள் போனாப் பிறகு அண்ணை குசினியில இருந்து போன் எடுத்தவர். தான் பிழையாக் கதைச்சிட்டன் எண்டு குசினியில எல்லாருக்கும் சொல்லிட்டாராம். அடுத்த வெள்ளி என்னை வரட்டாம். தானும் கொப்பு கேட்டதை மட்டும் ஒருதருக்கும் சொல்ல வேண்டாம் எண்டு கெஞ்சினவர்."

சாடி இருந்த பையைக் கீழே வைத்தேன்.

"இனி நான் எந்த முகத்தோட அங்க போறது?"

அதன் பிறகு எத்தனையோ வெள்ளிக்கிழமைகள் போய்விட்டன. அவள் வீட்டில்தான் இருக்கிறாள். என் கோபம் இன்னும் தணியவில்லை. ஆனால் திட்டுவதற்கு இப்போது என்னைத் தவிர வேறு ஆள் இல்லை.