தேயிலைப் பக்கெட்டுக்குள் ஒரு துண்டுக் கடிதம்

கரும்பலகையின் உச்சியில் பாடத் தலைப்பை எழுதக் கையைத் தூக்கினேன். வலது அக்குளுக்குக் கீழே, மார்பின் ஓரத்தில் ஏதோ இழுத்தது. தொட்டுப் பார்த்தேன். கொண்டைக்கடலை அளவில் ஒரு கட்டி. வலிக்கவில்லை. வலிக்காததால் இரண்டு மாதம் சும்மா இருந்தேன். இதை வாசிக்கும் உங்களுக்கும் அப்படியொன்று தட்டுப்பட்டால், தயவுசெய்து என்னைப்போல் இருந்துவிடாதீர்கள்.

அந்த இரண்டு மாதமும் எனக்கு வேறு வேலை இருந்தது. எங்கள் இலங்கை மலையகத்தில், இறம்பொடைப் பக்கம், இப்போது ஹோட்டலாகிவிட்ட ஒரு வெள்ளைக்காரத் துரை பங்களாவில் ஒரு கட்டுக் கடிதங்கள் கிடைத்தன. விக்டோரியா ராணி காலத்தில் இங்கே தோட்டத்தை நிர்வகிக்க வந்த ஓர் இளைஞனுக்கு, இங்கிலாந்திலிருந்து அவன் வீட்டார் எழுதியவை. நான் ஆங்கிலம் படிப்பிப்பவள் என்பதால் ஹோட்டல் மனேஜர் அவற்றைத் தட்டச்சு செய்யக் கொடுத்தார். தாளை மிச்சம் பிடிக்க, எழுதி முடித்த பக்கத்தையே திருப்பிப் பிடித்து, வரிகளுக்குக் குறுக்கே மறுபடி எழுதியிருந்தார்கள். பார்க்கக் கட்டம் போட்ட சேலை மாதிரி இருந்தது. கண் பழக ஒரு வாரம் ஆனது.

அந்தப் பதில்களின்படி, அவன் எழுதுவதைத் தாயார் காலைச் சாப்பாட்டு மேசையில் எல்லோருக்கும் உரக்க வாசிப்பாராம். அதனால் அவன் கடிதத்தில் எப்போதும் சுகமாகவே இருந்தான். மெய்யான சேதியைச் சின்னத் துண்டில் எழுதி, அக்காவுக்கு மட்டும் என்று மடித்து உள்ளே வைத்திருக்கிறான். அவனுக்குக் கடும் காய்ச்சல் என்பதே அக்காவின் பதிலில் இருந்துதான் எனக்குத் தெரிந்தது. இது உன் கைக்கு வரும்போது நீ எழுந்து நடமாடுவாய் என்று நம்பி எழுதுகிறேன் என்று முடித்திருந்தாள்.

பிறகு எனக்கு மெமோகிராம் (மார்பகத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது), பயாப்சி (ஊசியால் கட்டியின் சதையை எடுத்துச் சோதிப்பது) எல்லாம் ஆனது. சிங்கள டொக்டர், பொறுமையாகத் தமிழில் சொன்னார்.

"டீச்சர், இது கென்சர்தான். ஆனா சின்னது. ஒப்பரேசன், பெறகு கீமோ. ஆறு மாசத்த எங்கிட்ட குடுங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் கணவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நிரோஷாவுக்கு என்னா சொல்றது?"

நிரோஷா எங்கள் ஒரே பிள்ளை. குவைத்தில் வேலை. சொன்னால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வருவாள். சொல்லாவிட்டால் ஆயுளுக்கும் மன்னிக்க மாட்டாள். ஞாயிறுதோறும் அவள் வீடியோவில் வரும்போது ஸ்பீக்கரைப் போட்டுவிடுவோம். இங்கே பக்கத்து வீட்டுக்காரர்கள், அங்கே அறையில் கூட இருக்கும் பெண்கள் என எல்லோரும் கேட்பார்கள். எங்கள் சாப்பாட்டு மேசை அது. நானும் அதில் சுகமாகவே இருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போவது சீனி வியாதிக்கு என்று சொல்லிவைத்தோம்.

தனியாக அழைத்திருக்கலாமே என்பீர்கள். இரண்டு முறை அழைத்தேன். குரலைக் கேட்டதும் "சாப்டியா" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். மெசேஜ் அனுப்பினால் அடுத்த நிமிஷமே திருப்பி அழைப்பாள்.

பக்கத்து லயத்து வரிசை வீட்டுப் பெண் ஒருத்தி லீவு முடிந்து குவைத் திரும்பினாள். அவளிடம் முறுக்கும், என் கணவர் வேலை செய்யும் ஃபெக்டரித் தேயிலைத் தூளும் கொடுத்துவிட்டோம். தூள் பக்கெட்டுக்குள் ஒரு துண்டுக் கடிதத்தை மடித்து வைத்து, பொட்டலத்தின் வாயை மெழுகுவர்த்திச் சூட்டில் ஒட்டினேன். கென்சர், ஒப்பரேசன் நடக்கப்போகிறது, வராதே, எல்லோர் முன்னும் கேட்காதே, வாசித்தேன் என்று ஒரு வார்த்தை மட்டும் அனுப்பு. அவ்வளவுதான் எழுதியிருந்தேன்.

"பார்சல் கெடச்சிச்சிம்மா. முறுக்கு ஒன்னுகூட ஒடையல," என்றாள் நிரோஷா, அடுத்த ஞாயிறு வீடியோவில். வாசித்தேன் என்ற அந்த ஒரு வார்த்தை மட்டும் வரவே இல்லை.

ஒப்பரேசன் முடிந்தது. கீமோ (நரம்பு வழியே ஏற்றும் புற்றுநோய் மருந்து) தொடங்கியது. முடி கொத்துக் கொத்தாக விழுந்தது. கம்பளிக் குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டேன். எங்கள் குளிரில் குல்லா போட்டவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

"குல்லா ஒங்களுக்கு நல்லாருக்கும்மா," என்று மகள் சிரித்தாள். எல்லாம் தெரிந்துகொண்டே இப்படிச் சிரிக்கிறாளே, கல்நெஞ்சக்காரி என்று நினைத்தேன். வாந்தியைவிட அந்த நினைப்புதான் என்னை அதிகம் வாட்டியது.

மருந்தெல்லாம் முடிந்து, தலையில் பூனைமயிர் போல முடி வந்துவிட்டது. ஒரு புதன்கிழமை மத்தியானம் நிரோஷாவின் வீடியோ அழைப்பு வந்தது.

"அம்மா, ஸ்பீக்கர அமத்துங்க." அழுதுகொண்டிருந்தாள். "இன்னக்கித்தாம்மா தேயில பக்கெட்ட வெட்டுனேன். இங்க உள்ள தூள குடிச்சிக்கிட்டு, நம்ம தூள பத்தரமா வச்சிருந்தேன். ஒப்பரேசன் எப்பம்மா?"

வீட்டுத் தூளை வெளிநாட்டில் யார் உடனே உடைப்பார்கள்? மாதா மாதம் தூள் வரும் வீட்டில் இருக்கும் எனக்கு அது தோன்றவே இல்லை. அவளைத் திட்டித் தீர்த்த நாட்களை எண்ணி வெட்கப்பட்டேன்.

"முடிஞ்சி ஆறு மாசம் ஆச்சிடி. இங்க பாரு," என்று குல்லாவைக் கழற்றிக் காட்டினேன். அவள் இன்னும் அதிகமாக அழுதாள்.

என் வலது கை இப்போது தோளுக்கு மேல் எழுவதில்லை. லிம்பெடிமா (நிணநீர் தேங்கிக் கை வீங்குவது) இருக்கிறது. பாடத் தலைப்பைக் கரும்பலகையின் நடுவில் எழுதுகிறேன். பிள்ளைகளுக்கு அது பழகிவிட்டது. எனக்கும்தான்.

பழகாதது, ஒரு சேதி போய்ச் சேர எடுக்கும் காலம். கடிதக் கட்டுக்குள் அந்த அக்காவின் அடுத்த கடிதமும் இருக்கிறது. அதனால் அவன் பிழைத்துக்கொண்டான் என்று தெரிகிறது. ஆனால் அவன் எழுந்து நடமாடிய பிறகும், அந்தச் சேதி கடல் கடக்கும்வரை, அவள் அங்கே அழுதுகொண்டுதானே இருந்திருப்பாள்.

நிரோஷா இப்போது தினமும் தனியாக அழைக்கிறாள். முதல் ஊசியிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்கிறாள். அன்று விட்ட அழுகையை இன்று அழுகிறாள். குவைத்தில் அவள் மனதுக்குள் இருக்கும் அம்மா நேற்றுத்தான் மூன்றாவது கீமோவுக்கு வந்திருக்கிறாள். அந்த அம்மாவுக்கும் முடி முளைக்கட்டும். அதுவரை, சுகமாகிவிட்டேன் என்று யாரிடமும் நான் சொல்வதில்லை.