மலைப் பள்ளிக்குப் போன மண்டை ஓட்டுப் பெட்டி

என் பேத்தி சரண்யா கல்வராயன் மலையில் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் டீச்சர். எங்கள் குடும்பத்தில் முதல் டீச்சர் அவள்தான். நான் ஐந்தாவதோடு நின்றவள், அதனால் இதை இரண்டு தடவை சொன்னாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் ஓர் அருங்காட்சியகம் பள்ளிகளுக்கு இரவலாகப் பெட்டி தருகிறது. புலி, மான், குரங்கு இவற்றின் மண்டை ஓடுகள், பறவைக் கால்கள், கண்ணாடிக்குள் பட்டாம்பூச்சிகள். ஓடுகள் நிஜ எலும்பு இல்லை, அச்சில் வார்த்தவை. பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும் என்றே அப்படிச் செய்கிறார்கள். போன ஆவணியில் சரண்யா கேட்டு வாங்கிய பெட்டி ஞாயிற்றுக்கிழமை தியாகதுருகத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தது. திங்கள் அவள் பள்ளி, செவ்வாய் மலையிலேயே வேறொரு பள்ளி. அவளுக்குக் கிடைத்தது ஒரே நாள். பெட்டியை மடியில் வைத்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று நானும் கிளம்பினேன்.

அட்டைப்பெட்டியின் மூடி சரியாக நிற்கவில்லை. வீட்டில் புதிதாக இருந்தது கோயிலுக்கென்று வாங்கிய மஞ்சள் துணிதான். அதில் வைத்து, சீர்த்தட்டு கட்டுகிற மாதிரி மேலே முடிச்சுப் போட்டேன்.

காலை ஆறு மணிக்கு டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அரை மணியில் கள்ளக்குறிச்சி. அங்கேயே சாப்பிட்டுவிடுங்கள், மேலே போனால் கடை கம்மி. வெள்ளிமலை பஸ் ஏழேகாலுக்கு. நேரம் மாறும், முந்தின நாளே விசாரித்துக்கொள்வது நல்லது.

பஸ்ஸில் கூட்டம். சரண்யா பின்னால் மாட்டிக்கொண்டாள். எனக்கு மட்டும் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். கண்டக்டர் பெட்டிக்கு லக்கேஜ் கேட்கவில்லை. வடக்கனந்தல் தாண்டியதும் பக்கத்தில் இருந்த பெண் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"எந்த ஊரு சாமிங்க?"

"சாமி இல்லம்மா. பள்ளிக்கூடத்துக்குப் போவுது" என்றேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளையார் என்று நினைத்திருப்பாள் போல, மறுபடியும் கும்பிட்டாள். அவள் பெயர் அஞ்சலை. மலையில்தான் வீடு.

அடிவாரத்துச் சோதனைச்சாவடியில் வனக்காவலர் ஏறினார். "பெட்டில இன்னாம்மா?"

"மண்ட ஓடுங்க" என்றேன். கேட்டதற்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான்.

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவர் முடிச்சை அவிழ்த்தார். குரங்கு ஓடு மேலாக இருந்து எல்லாரையும் பார்த்தது.

அஞ்சலை எழுந்து தள்ளி நின்றாள். "மஞ்சத் துணில மண்ட ஓடா? இது செய்வினைக்குக் கொண்டுக்கினு போறது."

கண்டக்டர் என்னிடம் குனிந்தார். "ஆயா, நீ வா. பெட்டி வாணாம்."

சரண்யா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். தன் பெண்ணின் டீச்சர் என்று அடையாளம் தெரிந்ததும் அஞ்சலைக்கு இன்னும் கோபம். "நீயா டீச்சர்? இதயா நம்ம பசங்களுக்குக் காட்டப் போற? எம் பொண்ணு பவித்ரா இன்னிக்கு உன் வகுப்புல உக்காராது. எவ வூட்டுப் புள்ளயும் உக்காராது. நான் போய் சொல்றேன்."

சொல்லக்கூடியவள்தான். மணி அடிப்பதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். வகுப்பு காலியாக இருக்கும், பெட்டி மறுநாள் போய்விடும்.

சரண்யாவுக்குக் கோபம் வரவில்லை. "எல்லாம் உன் முடிச்சாலதான் ஆயா" என்று சிரித்தாள். ஓட்டைத் திருப்பி, ஓரத்துக் கோட்டைக் காவலரிடம் காட்டினாள். "பிளாஸ்டிக் கொடத்துல இப்படிக் கோடு இருக்கும் இல்லீங்க? ரெண்டு அச்சு சேர்ற எடம்." அவர் நகத்தால் தட்டிப் பார்த்தார், அருங்காட்சியகத்தின் தாளையும் பார்த்தார், விட்டுவிட்டார். அஞ்சலை விடவில்லை.

"அக்கா, நீங்களே வந்து வகுப்புல உக்காருங்க. தப்பாத் தெரிஞ்சா அப்பவே பொண்ணக் கூட்டிக்கினு போங்க" என்றாள் சரண்யா.

"வரேன். வராம வுட்ருவனா?"

அதற்கு மேல் கொண்டை ஊசி வளைவுகள். தலை சுற்றுகிறவர்கள் முன் சீட்டில் உட்காருங்கள். ஒவ்வொரு வளைவுக்கும் காற்று குளிர்ந்துகொண்டே வரும். மரவள்ளிக் கொல்லைகள் மேட்டிலும் பள்ளத்திலும் பச்சையாக இருக்கும். நான் பாதிதான் பார்த்தேன். மீதி நேரம் அஞ்சலை என் மடியையே முறைத்துக்கொண்டு வந்தாள்.

வகுப்பில் அவள் கடைசி பெஞ்சில், பையை மடியில் வைத்துக்கொண்டு, எழுந்து போகத் தயாராக உட்கார்ந்தாள். சரண்யா பாடம் எதுவும் சொல்லவில்லை. ஓடுகளைக் கையில் கொடுத்து, "இது இன்னா தின்னிருக்கும், பல்லப் பாத்துச் சொல்லுங்க" என்றாள். பவித்ரா முதலில் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா எழுந்திருக்கவில்லை. அதன் பிறகுதான் புலி ஓட்டை வாங்கினாள்.

"கறி தின்னும் டீச்சர். கோரப் பல்லு பெருசு."

"மானுக்கு மேல முன்பல்லே இல்ல, எங்க ஆடு மாரி" என்றது இன்னொரு பிள்ளை. ஓடுகள் கைமாறிக் கைமாறி ஒவ்வொரு பெஞ்சுக்கும் போயின.

கடைசி பெஞ்சிலிருந்து குரல் வந்தது. "அப்ப மனுசனுக்கு இன்னாத்துக்கு ரெண்டு மாரியும் இருக்குது?"

சரண்யா முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "நல்லாக் கேட்டீங்கக்கா. எல்லாரும் வாய்ல வெரல வுட்டுப் பாருங்க. எது கிழிக்குது, எது அரைக்குது?"

வகுப்பு முழுக்க வாயில் விரல். அஞ்சலை முந்தானையால் மறைத்துக்கொண்டு தடவிப் பார்த்தாள். எனக்கு மிச்சமிருப்பதை நானும் தடவினேன். நாம் கறியும் தின்போம், கீரையும் தின்போம் என்று யாரும் எழுதிப்போட வேண்டியிருக்கவில்லை.

இதுபோல் பெட்டி கேட்க நினைக்கும் டீச்சர்கள் ஒரு மாதம் முன்பே எழுதிக் கேளுங்கள். கொண்டுபோய்த் திருப்பிக் கொடுப்பது நம் பொறுப்பு. உள்ளே பழைய புடவையைச் சுருட்டி வைத்தால் ஒன்றும் உடையாது. மேலே கட்ட வெள்ளைத் துணி போதும். எல்லாவற்றுக்கும் முன்னால் பெற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள். நாங்கள் அதைச் சோதனைச்சாவடியில் செய்தோம், நீங்கள் பள்ளியிலேயே செய்யலாம்.

சாயங்காலம் நான் பஸ்ஸுக்கு நின்றபோது அஞ்சலை வந்தாள். "பெட்டி நாளைக்கு மேல் ஊரு பள்ளிக்கூடத்துக்குப் போவுதாமே. எங்க அக்கா அங்கதான் இருக்குது. போன் போட்டுட்டேன்."

"இன்னான்னும்மா சொன்ன?" என்றேன்.

"நாளைக்கு வேலைக்குப் போவாத, புள்ளையோட நீயும் போய் உக்காருன்னேன்."