இடது பக்கத்து இரண்டு துளைகள்

என் சாமானை யாராவது எடுத்தால் எனக்குப் பொறுக்காது. சங்கரன்கோவிலில் பைப் கடை வைத்திருக்கிறேன். ஸ்பேனர் இருக்கவேண்டிய இடத்தில் ஸ்பேனர் இல்லையென்றால் அன்று முழுக்க எனக்கு வேலை ஓடாது. வீட்டில் எல்லோரும் இந்தக் குணத்தைத் திட்டுவார்கள். திட்டட்டும்.

கயாக் ஒன்று விற்பனைக்கு இருப்பதாகப் போனில் பார்த்துத்தான் தூத்துக்குடிக்குப் போனேன். ஒருவர் மட்டும் உட்கார்ந்து துடுப்பு போட்டு மீன் பிடிக்கிற பிளாஸ்டிக் படகு அது. கார் கொட்டகையில் பழைய போர்வை போட்டு மூடி வைத்திருந்தார்கள். விற்றவர் ஒரு பள்ளிக்கூட டீச்சர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். “இப்ப யாரும் ஓட்டுறதில்ல தம்பி. எடுத்துட்டுப் போயிருங்க” என்றார். பேரம் பேச வேண்டியிருக்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் நானும் வேறெதுவும் கேட்கவில்லை.

கடைக்குப் பின்னால் போட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத் தயார் செய்ய ஆரம்பித்தேன். இரண்டு இன்ச் பைப்பை வெட்டி, வாயைத் தீயில் காட்டி விரித்தால் தூண்டில் நிறுத்தும் குழாய் ரெடி. நான் இடது கைக்காரன் என்பதால் அது இடது பக்கம் நிற்க வேண்டும். உட்கார்ந்து பார்த்து, பென்சிலால் குறி போட்டு, டிரில்லை வைத்தேன். வைத்ததுமே உள்ளே இறங்கிவிட்டது. வெளியே வந்தது பிளாஸ்டிக் துருவல் இல்லை, கறுப்புப் பசை. ஏற்கெனவே அங்கே ஒரு துளை இருந்திருக்கிறது. அதை அடைத்து, தேய்த்து, கண்ணுக்குத் தெரியாதபடி சமமாக்கியிருந்தார்கள்.

சிரித்துக்கொண்டேன். அடுத்து, சீட்டுக்குப் பின்னால் பால் கிரேட்டை வைத்துச் சைக்கிள் டியூபால் இழுத்துக் கட்ட நாலு கொக்கி வேண்டும். நாலு குறி போட்டேன். நாலு குறிக்கும் கீழே நாலு பழைய துளை. அரை விரல்கூட விலகவில்லை. கால் வைக்கும் கட்டை என் கால் நீளத்துக்கே நகர்த்தி வைக்கப்பட்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். நல்ல வெயில் நேரம். ஆனாலும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். பைப்புக் கட்டுகளைத் தவிர யாரும் இல்லை.

தேய்ந்துபோன மோட்டார் புல்லி ஒன்றை நங்கூரமாக்கினேன். அதன் கயிற்றைச் சுற்றிக் கட்டும் கொக்கியைக் கைக்கு வாகாக இடது இடுப்பை ஒட்டி வைக்க நினைத்தேன். அங்கேயும் அடைத்த துளை. அதற்குள் எனக்குப் பழகிவிட்டது. முன்னால் இருந்தவனும் என்னைப்போல் விவரமானவன் என்று மெச்சிக்கொண்டேன்.

இரண்டு துளைகள் மட்டும் வேறு மாதிரி இருந்தன. சீட்டுக்கு இடது பக்கம், தொடையை ஒட்டி. பசையைக் குவித்து அப்பி, கட்டை விரலால் அழுத்தியிருந்தார்கள். தேய்க்கக்கூட இல்லை. ரேகை அப்படியே பதிந்திருந்தது. என் விரலைவிடச் சின்ன விரல். அங்கே என்ன இருந்திருக்கும் என்று எனக்குப் பிடிபடவில்லை.

அந்த வாரம்தான் என் மீன் கத்தி அடுக்களைக்குப் போனது. “ஒரு தேங்கா கீறக் கூடாதா? என்ன பெரிய கத்தி!” என்றாள் மனைவி. விடிகாலையிலேயே சண்டை. இனி யாரும் எடுக்கக் கூடாது என்ற ஆத்திரத்தில், கத்தி உறையைப் படகிலேயே போல்ட் போட்டு முடுக்கிவிடுவது என்று முடிவு செய்தேன். குறி எதுவும் போடவில்லை. கண்ணை மூடி உட்கார்ந்து, கை தானாக எங்கே விழுகிறதோ அங்கே உறையைப் பிடித்தேன். கண்ணைத் திறந்து பார்த்தால், உறையின் இரண்டு ஓட்டைகளும் அந்த இரண்டு விரல் ரேகைகளின் மேல் உட்கார்ந்திருந்தன. அப்போதுதான் உண்மையிலேயே பயந்தேன். துளை போடும்போது யாருடைய விரலையோ குடைகிற மாதிரி கூசியது.

மலையில் நல்ல மழை பெய்து, வாசுதேவநல்லூர்ப் பக்கம் ஒரு குளம் மறுகால் பாய்வதாகக் கேள்விப்பட்டேன். தண்ணீர் நிரம்பி வழிகிற இடத்தில் மீன் கூடும். காலையிலேயே படகை இறக்கி, மறுகாலுக்குக் கொஞ்சம் தள்ளி நங்கூரம் போட்டேன். கயிறு விறைத்தது. படகு இழுப்புக்குக் குறுக்கே திரும்பி நின்றது. அடுத்த நிமிடம் இடது பக்கம் கீழே போக ஆரம்பித்தது. அவசரமே இல்லாமல், யாரோ கையை வைத்து மெதுவாக அமுக்குகிறதைப்போல.

வலது பக்கம் சாய்ந்தேன். போதவில்லை. தண்ணீர் மடிக்கு வந்தது. கொக்கி தண்ணீருக்குள் போய்விட்டது, முடிச்சு நெகிழவில்லை. உயிர்காக்கும் ஜாக்கெட்டை மெத்தையாக மடித்து, அதன் மேல் உட்கார்ந்திருந்தேன். அந்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். என் மகளின் முகம் ஒரு தடவை வந்துபோனது. நான் யோசிப்பதற்கு முன்பே இடது கை தொடைக்குப் போய்விட்டது. கத்தியை உருவிக் கயிற்றில் ஒரே அறுப்பு. படகு துள்ளி நிமிர்ந்தது.

கரைக்கு வந்து ஒரு கருவேல மரத்தடியில் உட்கார்ந்தேன். நங்கூரக் கயிற்றைப் படகின் முனையில்தான் கட்ட வேண்டும், இடுப்புப் பக்கம் கட்டவே கூடாது என்பது இப்போது புரிந்தது. அப்படியென்றால் எனக்கு முன்னால் அங்கே கட்டியவன்? டீச்சருக்குப் போன் போட்டேன்.

“அக்கா, படகு வாங்கினவன் பேசுதேன். நடுவுல, பக்கவாட்டுல நங்கூரக் கொக்கி வச்சிருந்தது யாரு?”

“எங்க வீட்டுக்காரரு. அதுலதான் தம்பி போனாரு. ஆத்து முகத்துல, கயிறு இழுத்துக் கவுந்துட்டு. உங்கட்ட சொல்லாம வித்தது தப்புதான்.”

என் குணத்துக்கு நான் கத்தியிருக்க வேண்டும். கோபமே வரவில்லை. துளைகளையெல்லாம் அடைத்தது யார் என்று மட்டும் கேட்டேன்.

“ஆள் வச்சு அடைச்சேன். சீட்டுப் பக்கத்துல இருக்கிற ரெண்ட மட்டும் நானே அடைச்சேன். அங்கனதான் கத்தி வச்சிருப்பாரு. அன்னைக்குக் காலையில மாங்கா வெட்ட நாந்தான் எடுத்தேன். திருப்பி வைக்கல.”

சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“இப்ப அங்கன என்ன வச்சிருக்கீங்க?” என்று அவரே கேட்டார்.

“கத்திதான்க்கா.”

“யாரு கேட்டாலும் குடுக்காதீங்க” என்றார்.