படத்தில் நிற்கும் மீன்காரன்

குருநாகலில் இருந்து வந்த அந்தக் கணவனும் மனைவியும் எங்கள் கேற்றுக்கு வெளியே நின்று, கைத்தொலைபேசியில் ஒரு படத்தை என் மனைவியிடம் காட்டினார்கள். "இந்த மீன்காரர் இங்கேதானா இருக்கிறார்?" என்று அந்த அம்மா அரைகுறைத் தமிழில் கேட்டார். படத்தைப் பார்த்து என் மனைவி சிரித்த சிரிப்பிலேயே உள்ளே இருந்த எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"இஞ்ச வாங்க, உங்களத் தேடி ஆக்கள் வந்திரிக்காங்க" என்று கூப்பிட்டாள்.

நான் மீன்காரன் இல்லை. ஓய்வுபெறும்வரை கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞராக இருந்தவன். வவுணதீவுப் பக்கம் ஆற்றை ஒட்டினாற்போல் எங்கள் வீடு. பிள்ளைகள் கல்யாணம் முடித்துப் போன பிறகு இரண்டு அறைகள் சும்மா கிடந்தன. மாவட்டத்துக்கு உல்லாசப் பயணிகளைக் கொண்டுவரவென்று ஒரு குழு தொடங்கி, உள்ளூர்ப் பங்காளிகளைத் தேடியபோது நானும் சேர்ந்தேன். அறைகள் என்னுடையவை. தோணி, அடுத்த வளவில் இருக்கும் மீன்பிடிகாரத் தம்பியுடையது. தம்பி என்றாலும் அவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. ஆக்களை ரயில்வே ஸ்டேஷனில் இருந்து ஏற்றிவருவதும் மத்தியானச் சாப்பாடு கொண்டுவருவதும் காத்தான்குடியில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் ஒருவரின் பொறுப்பு. காலையில் தோணியில் ஒரு சுற்று, வலை வீசிக் காட்டுவது, பிறகு சாப்பாடு. இவ்வளவுதான் எங்கள் கூட்டு.

விளம்பரத்துக்குப் படம் எடுக்கக் கொழும்பில் இருந்து ஒரு பொடியன் வந்தான். தம்பிதான் தோணியைக் கழுவி, வலையை மடித்து, எல்லாம் ஆயத்தமாக வைத்திருந்தார். கமராவை வெளியில் எடுத்த நேரம் பார்த்து, "வயித்துக்குள்ள ஒரு மாதிரியா இரிக்கு அண்ணன், வாறன்" என்று போனவர் திரும்பி வரவேயில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. படக்காரப் பொடியன் என் வெள்ளைத் தாடியைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "ஐயா, நீங்க ஏறி நில்லுங்களேன்" என்றான். சேட்டைக் கழற்றச் சொன்னான். சாரத்தை மடித்துக் கட்டச் சொன்னான். வெளிச்சம் சரியா என்று பார்க்கிறான் ஆக்கும் என்று நானும் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன்.

அந்தப் படம் ஸ்டேஷனில் ஆளுயரத்துக்குத் தொங்கியது. கீழே, "வாவியின் மைந்தன் உங்களை அழைக்கிறான்." நாங்கள் ஒருநாளும் வாவி என்று சொல்வதில்லை, ஆறு என்றுதான் சொல்வோம். காத்தான்குடிக்காரர் அதைப் பார்த்துவிட்டு வந்து, "ஐயா, ஆக்கள் வந்து தோணியில ஏறுறத்துக்கு முன்ன நீங்க நீந்தப் பழகுங்க. தண்ணிக்குள்ள விழுந்தீங்கண்டா எங்கட யாவாரம் போயிரும்" என்று சிரித்தார்.

குருநாகல்காரர் இருவரையும் தோணியில் ஏற்றினோம். தம்பி பின்னால் நின்று கம்பை ஊன்றித் தோணியைத் தாங்கினார். நான் வீட்டுக்காரன் மட்டுந்தான், இவர்தான் மீன்காரர் என்று விளக்கிச் சொன்னேன். அந்த அம்மா தலையை ஆட்டிவிட்டு, "சரி, நீங்க வீசுங்க" என்றார். என்னை அடக்கமான ஆள் என்று நினைத்துவிட்டார் போல. வேறு வழியில்லாமல் வீசினேன். வலை விரியாமல், மூட்டையைத் தூக்கிப் போட்டதுபோல ஒரே இடத்தில் விழுந்தது. அந்த அம்மா கைதட்டினார். தம்பி வாய்விட்டுச் சிரித்தபடி வலையை வாங்கி வீச, அது வட்டமாக விரிந்து விழுந்து நாலைந்து செப்பலி மீனோடு வந்தது. அந்த அம்மா கைத்தொலைபேசியை அவர் பக்கம் திருப்பினார். அந்தக் கணமே தம்பி மற்றப் பக்கம் கிறுகி நின்றுகொண்டார். அந்த அம்மா தோணியின் அடுத்த ஓரத்துக்கு வந்து எடுக்கப் பார்க்க, தம்பி குனிந்து மீனைப் பொறுக்கத் தொடங்கினார். மீன் எல்லாம் ஏற்கனவே வாளிக்குள் இருந்தது.

அதன்பிறகுதான் வயிற்று வலி பற்றி எனக்குச் சந்தேகம் வந்தது. அன்று பின்னேரம் கரையில் அவரோடு போய் உட்கார்ந்தேன்.

"அந்தப் போஸ்டரில நீங்கதான் இரிக்கணும். குழுவில சொல்லி மாத்துவம்."

"வேணாம் அண்ணன்."

"என்ன வெக்கமா? ஆக்கள் உங்களத் தேடி வரத்தானே இவ்வளவும்."

"என்ட படத்தக் கையில வெச்சிக்கிட்டு ஒருத்தரும் என்னத் தேடி வரவேணாம்."

அவராகவே சொன்னார். யுத்தம் நடந்த பிரச்சினைக் காலத்தில் அவருடைய மூத்த அண்ணனின் படத்தைக் கொண்டு சிலர் வீட்டுக்கு வந்தார்களாம். கதவைத் திறந்தது தாய். படத்தில் மகன் வடிவாக இருந்தானாம். "அம்மா சிரிச்சிட்டு, ஓம், இது எங்கட மூத்தவன்தானெண்டு சொன்னாவாம். உள்ள வந்து இரிங்கெண்டும் சொன்னாவாம். அண்ணனக் கூட்டிக்கிட்டுப் போனாங்களாம். மறுகா அண்ணன் வரல்ல."

எனக்கு அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அந்தப் படத்தைப் பார்த்து என் மனைவி கேற்றடியில் நின்று சிரித்தது மறுபடி காதில் கேட்டது. தேடி வர வேண்டும் என்றுதானே நாங்கள் இத்தனை கூட்டம் கூடிப் பேசினோம்? அப்படி ஒருவரும் தேடி வரக்கூடாது என்றே இந்த மனுஷன் எத்தனையோ வருஷமாக முகத்தை ஒளித்துக்கொண்டிருந்திருக்கிறார். அடுத்த வளவில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை. எது சரி, இதில் நான் என்ன செய்யவேண்டும் என்று அன்று இரவு முழுக்க யோசித்தும் ஒன்றும் பிடிபடவில்லை.

குழுவின் அடுத்த கூட்டத்தில் இணைப்பாளராக இருந்த பிள்ளை தானாகவே, "உண்மையான மீனவரைப் போடுவோம் ஐயா, பங்காளிகள் முன்னுக்கு வரவேணும்" என்று தொடங்கினாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். "அவருக்கு விருப்பமில்ல மகள்" என்றேன். "ஏன்?" என்று கேட்டாள். வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, "கூச்ச சுபாவம்" என்றேன். நான்தான் போஸ்டரை விட மனமில்லாமல் நிற்கிறேன் என்று பக்கத்தில் யாரோ குசுகுசுத்தது கேட்டது.

படம் அப்படியே இருந்தது. தம்பி விடியக்காலையில் முழங்கால் தண்ணீரில் நிறுத்தி எனக்கு வலை வீசக் காட்டித்தந்தார். இப்போது பாதியாவது விரிகிறது.

பிறகு ஒருநாள், பல்கலைக்கழகத்தில் படிக்கும் தம்பியின் மகள் பேஸ்புக்கில் ஒரு வீடியோ போட்டிருந்தாள். தம்பி நேரே கமராவைப் பார்த்துச் சிரித்தபடி, மணலை மீனைத் தூக்கிக் காட்டி, "எங்கட ஆத்துக்கு வாங்க" என்கிறார். முகம் முழுசாகத் தெரிகிறது. பதறிப்போய் அவரிடம் ஓடினேன்.

"இது பரவாயில்லையா தம்பி?"

"அவ எடுத்ததுதானே அண்ணன்" என்றார், நான் ஏதோ விசர்க்கேள்வி கேட்டதுபோல.

எடுத்தது மகள்தான். ஆனால் பார்ப்பது ஊர் உலகம் எல்லாம் அல்லவா? அதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். அவர் அந்த வீடியோவை மறுபடி போட்டு, தன் சிரிப்பைத் தானே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு விளங்கவில்லை. விளங்கியதுபோலவும் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காத்தான்குடிக்காரர் ஒரு குடும்பத்தை ஏற்றிவந்தார். அந்த வீடியோவைப் பார்த்துத்தான் வந்திருந்தார்கள். இறங்கியதும் தம்பியை அடையாளம் கண்டு, ஒரு படம் எடுக்கலாமா என்று கேட்டார்கள். அவர் சிரித்த முகத்தோடு, "வேணாம்" என்றார். பிறகு கிறுகி என்னைப் பார்த்தார்.

நான் சேட்டைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு, வலையை எடுக்கப் போனேன்.