சாவதற்கு முன் ஒரு சால்வை

என் எழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஊரில் ஐந்தாம் வகுப்போடு என் தமிழ் நின்றுவிட்டது. இங்கே வந்தபின் பள்ளிக்கூடம் எனக்கு ஒட்டவில்லை. ரகரமும் றகரமும் இன்றும் இடம் மாறும். கையெழுத்தோ கோழி கிளறியது போல இருக்கும். ஆனாலும் இதை எழுதியே தீருவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மாவின் தம்பி பாரிஸில் நடிகர். அகதியாகப் போய்க் கோப்பை கழுவியவர், ஒரு நாடகக் கொட்டகையில் கூட்டும் வேலைக்குச் சேர்ந்தார். ஒருநாள் வராத நடிகருக்குப் பதிலாக மேடையில் நின்றார். பிறகு இறங்கவேயில்லை. சினிமாவில் முதலில் கடைக்காரன், பின்னர் டாக்டர், இப்போது நீதிபதி.

நாங்கள் ரொறன்ரோவில் பார்க்டேல் பகுதியில் இருந்த காலத்தில் அவருடைய குழு அங்கே நாடகம் போட வந்தது. அவருக்கு அதுதான் முதல் பெரிய வேடம். "ரெயில் ஸ்டேசன் வாங்கிலில இருக்கிற கிழவன் நான், அக்கா. கடைசியில செத்துப்போவன்" என்று போனில் சொன்னார்.

எங்கள் ஊரில் நன்றாக நடிப்பவருக்கு நாடகத்தின் நடுவிலேயே மேடையேறிச் சால்வை போடுவார்கள். அம்மா சரிகைச் சால்வை ஒன்று வாங்கிவிட்டார்.

அந்தக் குளிர்காலத்தில்தான் ஊரில் அம்மப்பா இறந்திருந்தார். அம்மாவும் மாமாவும் அவரை ஐயா என்றே கூப்பிடுவார்கள். ஊரில் நடந்த சண்டையால் இருவருமே போகவில்லை. செய்தி வந்த அன்று அம்மா தலை முழுகிவிட்டு வேலைக்குப் போனார்.

நாடகத்தில் எங்களுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் மாமா முழங்காலில் கையூன்றி எழும்பியதும், தோளைத் தூக்கி இருமியதும் அச்சாக அம்மப்பாதான். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

கடைசிக் காட்சியில் கிழவனாக மாமா வாங்கில் பலகையில் சரிந்தார். அம்மா எழும்பினார்.

"கொஞ்சம் இரும், நாடகம் முடியட்டும்" என்றார் அப்பா.

"முடிஞ்சால் அவன் செத்துப்போவான். செத்தவனுக்கே சால்வை போடுறது?"

அப்பா பிடித்த கையை உதறிவிட்டு, காலில் போட்டிருந்த குளிர்ச் சப்பாத்தோடு அம்மா விறுவிறுவென்று மேடையேறினார். சால்வையை விரித்தார். தோளில் போடவில்லை. படுத்திருந்தவரின் கழுத்து வரை இழுத்து மூடினார்.

"ஐயா, எழும்புங்கோ ஐயா" என்றார்.

நான் பயந்துபோனேன். மாமாவின் வேடம் இத்தோடு போயிற்று என்று நினைத்தேன். மாமா கண் திறந்தார். சாகவில்லை. எழும்பி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார். இருவரும் அழுதார்கள். திரை விழுந்தது. வெள்ளைக்காரர்கள் எழும்பி நின்று கை தட்டினார்கள்.

நாங்கள் திரைக்குப் பின்னால் போனபோது குழுத் தலைவர் கைகளை வீசிக் கத்திக்கொண்டிருந்தார். மாமா பிரெஞ்சில் ஏதோ பதில் சொல்லிவிட்டு எங்களிடம் திரும்பினார்.

"நாளைக்குக் கட்டாயம் சாகிறன் எண்டு சொல்லிப்போட்டன்."

அப்பாதான் முதலில் சிரித்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன். "அம்மா, மாமாவை ஏன் ஐயா எண்டனீங்கள்?"

அப்பா என் தொடையில் கிள்ளினார். அம்மா கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பல நாள் நான் சிநேகிதர்களுக்கு அதை நடித்துக் காட்டிச் சிரித்தேன். மேடை வெளிச்சத்தில் அம்மாவுக்கு ஆள் மாறிவிட்டது என்றே நினைத்திருந்தேன்.

மல்வேர்ன், ரொறன்ரோ,
மாசி மாதம், இரண்டாம் ஞாயிறு.