யாரோ ஒருவர் தந்த இரத்தம்

மகள் பிறந்த அன்று எனக்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. இரண்டு பை இரத்தம் ஏற்றித்தான் பிழைக்க வைத்தார்கள். தொண்ணூறுகளின் நடுவில், கனடாவின் ஸ்காபரோவில் பனி கொட்டிய ஒரு தை மாதம் அது.

வீட்டுக்கு வந்து சில வாரங்களில் காய்ச்சல் தொடங்கியது. பல்லைக் கிட்டவைக்கும் குளிர், பிறகு நெருப்பாய் உடம்பு, பிறகு படுக்கை நனைய வியர்வை. மறுநாள் ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்து குழந்தையைக் குளிப்பாட்டுவேன். பிறகு மறுபடியும் வரும். பிள்ளைப்பேற்றுக் கிருமி என்று தந்த மருந்து கேட்கவில்லை. கடைசியில் இரத்தத்தைச் சோதித்துவிட்டு, மலேரியா என்றார் டொக்டர்.

அண்மையில் எந்த நாட்டுக்குப் போனீர்கள் என்று கேட்டார். எங்கும் போகவில்லை என்றேன். மறுநாளும் அதையே கேட்டார். அகதி வழக்கு முடியாமல், நாட்டை விட்டு வெளியே போக வழியில்லாமல் வருடக்கணக்காக இருந்தவள் நான். யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த காலத்திலும் எனக்கு மலேரியா வந்ததில்லை. பார்க்க வந்த அன்ரி ஒருவரும், "ஊரிலை இருந்தே உடம்புக்கை கிடந்திருக்கும், பிள்ளை" என்று சொல்லி, குழந்தையைத் தூக்காமலே போனார்.

என் சொல்லை நம்பிய பிறகுதான் டொக்டர் ஏற்றிய இரத்தத்தைப் பற்றி விசாரித்தார். குழந்தையையும் சோதித்தார்கள். அவளுக்கு ஒன்றுமில்லை என்றபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

மாத்திரையில் காய்ச்சல் விட்டது. இரத்தம் தந்தவரைக் கண்டுபிடித்துவிட்டதாக டொக்டர் பிறகு சொன்னார். வெப்ப நாடொன்றில் பிறந்தவராம். நோய் உள்ளே இருப்பது அவருக்கே தெரியாதாம். இப்போது அவருக்கும் வைத்தியம் நடக்கிறதாம்.

வீடு திரும்பும்போது, காரை ஓட்டிக்கொண்டிருந்த என் கணவர் கொதித்தார். "உந்த இரத்தம் தந்தவையை விடக்கூடாது. லோயரைப் பிடிச்சு வழக்குப் போடவேணும்."

"அந்த ஆளின்ரை இரத்தம் இல்லாட்டி நான் இண்டைக்கு இல்லையப்பா" என்றேன்.

சிவப்பு விளக்கில் நின்றபோது மெல்லச் சொன்னார்: "வவுனியாவிலை வேலை செய்யேக்கை எனக்கும் மலேரியா வந்ததெல்லே. போன வருசம் நான் வேலை செய்யிற பக்ரறிக்கு இரத்ததானம் எடுக்க வந்தவை. நானும் குடுக்கத்தான் நிண்டனான். வேலை பிந்தினதாலை போகேல்லை."

வழக்கைப் பற்றி அவர் பிறகு பேசவேயில்லை. நான் அந்த முகம் தெரியாத ஆளை நினைப்பதுண்டு. நல்லது செய்யவென்று கை நீட்டியவரிடம் இதை எப்படிச் சொல்லியிருப்பார்கள்?