குடித்த நாளில் விட்ட மாத்திரை

சனிக்கிழமை மதியங்களில் தம்பி குசினியில் அடுப்புக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து, மாத்திரையை உள்ளங்கையில் வைத்துச் சற்று நேரம் பார்ப்பான். பிறகு அதைப் போத்தலுக்குள்ளேயே போட்டு மூடிவிட்டு, இன்றைக்கு வேண்டாம் என்பான். கண்டி வாவிக்கு மேலே ஒரு ஹோட்டல் பாரில் அவனுக்கு வேலை. சனி இரவென்றால் கூட்டம் நிறையும். வந்தவர்கள் அவனுக்கும் ஒரு கிளாஸ் வாங்கித் தருவார்கள். பார் மூடிய பிறகு பாட்டுக் குழுவோடு உட்கார்ந்தால் விடிந்துவிடும்.

அவனுக்கு எச்.ஐ.வி. இருப்பது வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். அம்மாவுக்கு அது விட்டமின் மாத்திரை. கம்பளை ஸ்டேஷன் பெஞ்சில் வைத்துத்தான் என்னிடம் சொன்னான். தினமும் ஒரு மாத்திரை போட்டால் எல்லோரையும் போல வாழலாமாம் என்று, எனக்கு ஆறுதல் சொல்பவன் போலச் சொன்னான். வேறு வேலை தேடச் சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

"அங்க நிக்கிறப்ப மட்டுந்தான் அக்கா, எனக்கு இந்த நோய் ஞாபகமே வர்றதில்ல" என்றான்.

சாராயமும் இந்த மருந்தும் உடம்பில் சேர்ந்தால் விஷமாகிவிடும் என்று அவன் நம்பினான். நானும் வேறு விதமாக அறிந்திருக்கவில்லை. குடியை விட முடியாதவன், குடிக்கும் நாட்களில் மாத்திரையை விட்டான். அதைக் கவனம் என்றே நினைத்தான். நாளாக நாளாகக் குடிக்காத நாட்கள் அருகிப்போய், பார் பூட்டிக்கிடக்கும் பௌர்ணமிப் போயா தினங்களில் மட்டும் தவறாமல் போட்டான். கிளினிக்கில் கேட்டால் குடிப்பதில்லை என்று சொல்லிவிடுவான். உண்மை தெரிந்தால் மருந்தை நிறுத்திவிடுவார்கள் என்ற பயம்.

இருமல் நிற்காமல், சட்டை தோளில் தொங்கத் தொடங்கியபோது கிளினிக்குக்கு நானும் கூடப் போனேன். டொக்டர் கேட்டதும் தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னான். அவர் ஏசவில்லை. சிங்களவரான அவர், தெரிந்த தமிழில் மெதுவாகச் சொன்னார்: "குடி குறைக்கணும். ஆனா குடிச்சாலும் மருந்து போடணும். விட்டாத்தான் ஆபத்து."

திரும்பி வரும் பஸ்ஸில், கம்பளைப் பாலம் வந்தபோது, "நான் பத்திரமா இருக்கேன்னு நெனச்சேன் அக்கா" என்றான்.

மருந்தை மாற்றினார்கள். காலைத் தேநீரோடு போட்டுவிட்டால் இரவு எப்படிப் போனாலும் மறக்காது என்று டொக்டர் சொன்னதை அவன் ஒருநாளும் தவறவிடவில்லை. ஆனால் அதற்குள் காசநோய் நெஞ்சில் இறங்கியிருந்தது. கடைசி வாரத்தில் வார்டில் தாதி மாத்திரையோடு கட்டிலுக்கு வருமுன்பே வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பான். என்னால் அதைப் பார்க்க முடியாது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

கருமாதியன்று பாட்டுக் குழுவில் கிட்டார் வாசிப்பவர் வந்திருந்தார். சாப்பிடாமல் வாசலிலேயே நின்றார். தண்ணீர் கொண்டுபோனேன். வாங்கிக்கொண்டு, தம்பி மருந்தை விட்டுவிட்டானா என்று கேட்டார். குடித்த நாளில் எல்லாம் விட்டான் என்றேன். கிளாஸைக் குடிக்காமலே வாசற்படியில் வைத்தார்.

"எனக்கும் அதே மாத்திரைதான் அக்கா. நானும் அப்படித்தான். ரெண்டு பேரும் பேசித்தான் அப்படி முடிவு பண்ணோம்."

எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது. வீட்டுக்குள் அம்மா இலை போட்டுக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்காதபடி, டொக்டர் சொன்னதை அப்படியே கிட்டார்காரரிடம் சொன்னேன். நாளைக் காலை கண்டி பஸ் ஸ்டாண்டுக்கு வாருங்கள், கிளினிக்குக்கு நான் கூட வருகிறேன் என்றேன்.

வரமாட்டார் என்றே நினைத்தேன். மறுநாள் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது மழைக்கு ஒதுங்கி நின்றிருந்தார். கிட்டே போனபோது சாராய வாடை அடித்தது. என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, இன்னொரு நாள் போகலாம், இப்படியே எப்படி அங்கே போவது என்றார்.

"இப்படியே வாங்க" என்று குடையை அவர் பக்கம் சரித்தேன்.